வாய் திறக்காத நல்லவர்கள்: லிட்டில் ராக், 1957

ஆர்வல் ஃபாபஸ் இனவெறியை ஊட்டி வளர்க்கப்பட்டவர் அல்ல. அமெரிக்காவில், வெள்ளையர் பள்ளியில் சேர வந்த ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைத் தடுத்த லிட்டில் ராக் நகரத்தின் கதையைப் படிக்க வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். லிட்டில் ராக்கைத் தலைநகராகக் கொண்ட ஆர்கன்சா மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதியில், ஏழைக் குடும்பத்தில், 1910-இல் பிறந்தார். அப்பா சாம் ஃபாபஸ் ஊரறிந்த சோஷலிஸ்ட். சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் மீதிருந்த மதிப்பில் மகனுக்கு யூஜின் என்று நடுப்பெயர் வைத்தவர். அந்த மகன் 1954-இல் ஆர்கன்சாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர்; நம்மூரில் முதலமைச்சருக்கு இருக்கும் இடம். பதவிக்கு வந்ததும் மாநில ஜனநாயகக் கட்சியின் குழுவில் கறுப்பினத்தவரைச் சேர்த்தார். அவர் காலத்தில் சில ஊர்களில் பேருந்துகளிலும் பள்ளிகளிலும் இனப் பிரிவினை சத்தமில்லாமல் விலகத் தொடங்கியது. 1956 தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஜிம் ஜான்சன் என்ற தீவிரப் பிரிவினைவாதி ஃபாபஸ் மீது வைத்த குற்றச்சாட்டே, இவர் மென்மையானவர் என்பதுதான். ஃபாபஸ் ஜெயித்தார்.

அதே ஃபாபஸ்தான் 1957 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் தோன்றி, லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியைச் சுற்றி நேஷனல் கார்டு எனப்படும் மாநிலப் படையை நிறுத்துவதாக அறிவித்தார். அந்தப் பள்ளியில் சேர ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நகரப் பள்ளி வாரியமே ஒரு திட்டம் போட்டு, ஆயிரக்கணக்கான வெள்ளைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குள் ஒன்பதே பேரை மட்டும் அனுமதித்தது. அந்த ஒன்பது பேரையும் தடுக்கத்தான் துப்பாக்கி ஏந்திய படை வந்தது.

செப்டம்பர் 4-ஆம் தேதி எடுத்த புகைப்படம் உங்களில் பலர் பார்த்ததாக இருக்கும். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட பாவாடை, கறுப்புக் கண்ணாடி, மார்போடு அணைத்த நோட்டுப்புத்தகம். எலிசபெத் எக்ஃபர்ட், வயது 15. மற்ற எட்டுப் பேரும் சேர்ந்து வர ஏற்பாடு செய்திருந்தார்கள். எக்ஃபர்ட் வீட்டில் தொலைபேசி இல்லாததால் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. தனியாக வந்தார். படைவீரர்கள் வழிவிடவில்லை. திரும்பி நடந்தபோது பின்னால் ஒரு கூட்டமே கத்திக்கொண்டு வந்தது. அந்தப் படத்தில் எல்லோரும் பார்ப்பது அந்தப் பெண்ணையும், பின்னால் வாய் கோணக் கத்தும் முகத்தையும்தான். எனக்கோ அதில் இல்லாதவர்கள் மேல்தான் கேள்வி. நல்லவர்கள், படித்தவர்கள், மனசாட்சி உள்ளவர்கள் என்று அந்த மாநிலமே நம்பிய தலைவர்கள் அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள்?

ஃபாபஸின் கணக்கு எளிது. ஆர்கன்சாவில் ஆளுநர் பதவிக் காலம் அப்போது இரண்டே ஆண்டு. மூன்றாம் முறை ஜெயிப்பது அந்த மாநிலத்தில் அபூர்வம். அவர் கொண்டுவந்த வரிச் சட்டங்கள் நிறைவேற கிழக்கு ஆர்கன்சாவின் பிரிவினைவாத உறுப்பினர்களின் தயவும் வேண்டியிருந்தது. ஜிம் ஜான்சனின் ஆட்கள் விடாமல் நெருக்கினார்கள். வன்முறை வெடிக்கும் என்று தகவல் வந்ததாலேயே படையை அனுப்பினேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் அந்த வாதம் எடுபடவில்லை. செப்டம்பர் 20-இல் நீதிபதி ரொனால்ட் டேவிஸ் தடையை விலக்கச் சொன்னதும் ஃபாபஸ் படையைத் திரும்பப் பெற்றார். 23-ஆம் தேதி, திங்கட்கிழமை, ஒன்பது பேரும் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனார்கள். வெளியே ஆயிரம் பேர் கொண்ட கும்பல். மதியத்துக்குள் பிள்ளைகளை வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. இல்லாத கலவரத்தைக் காரணம் காட்டியவர், மூன்று வாரத்தில் உண்மையான கலவரத்துக்கு வழி செய்துவிட்டார்.

அடுத்த ஆண்டு உட்கட்சித் தேர்தலில் மாநிலத்தின் 75 கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் போன்றவை) அவருக்கே வெற்றி. அந்த ஆண்டு அமெரிக்கர்கள் அதிகம் மதிக்கும் பத்து ஆண்களின் கேலப் கருத்துக்கணிப்புப் பட்டியலிலும் அவர் பெயர் இடம்பெற்றது. மொத்தம் ஆறு முறை ஆளுநர். ஊரில் அவருடைய அப்பா சாம், பிரிவினையைக் கண்டித்து ஆர்கன்சா கெஸட் நாளிதழுக்குப் புனைபெயரில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. மகனின் கூட்டத்துக்கு எதிராகத் தகப்பன் வேறு பெயரில் எழுத வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

சரி, ஃபாபஸை விட்டுவிடுவோம். பதவிக்காக மாறியவர் என்று அவரைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட முடியும். என்னைத் தூங்கவிடாதவர் இன்னொருவர்.

ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் என்ற பெயர் எனக்குக் கல்லூரிக் காலத்தில் அறிமுகமானது. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்தவர். அந்தப் பெயரை அவர் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை இருக்கும். அந்த மரியாதைக்குக் காரணமும் உண்டு. 1946-இல் ஆர்கன்சாவின் இளம் செனட்டராக இருந்த ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டத்தால்தான் நம் நாட்டிலிருந்தும் எத்தனையோ பேர் அங்கே போய்ப் படிக்க முடிந்தது. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி கம்யூனிஸ்ட் வேட்டை என்று நாட்டையே நடுங்க வைத்த காலத்தில், 1954-இல் மெக்கார்த்தியின் துணைக்குழுவுக்கு நிதி ஒதுக்குவதை எதிர்த்து வாக்களித்த ஒரே செனட்டர். பின்னால் 1966-இல், தன் சொந்தக் கட்சி ஜனாதிபதியை எதிர்த்து, வியட்நாம் போர் பற்றித் தொலைக்காட்சியில் நாடே பார்க்க விசாரணை நடத்தியவர். துணிச்சல் இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

இதே மனிதர்தான் 1956 மார்ச்சில், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தென்மாநில உறுப்பினர்கள் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதிகார அத்துமீறல் என்றும், சட்டத்துக்கு உட்பட்ட எல்லா வழிகளிலும் அதை மாற்றப் பாடுபடுவோம் என்றும் சொன்ன அறிக்கை அது. 19 செனட்டர்கள், 82 பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். ஆர்கன்சாவிலிருந்து காங்கிரஸுக்குப் போன ஒருவர்கூட மீதமில்லை. முதல் வரைவு இன்னும் கடுமையாக இருந்தது. அதை மென்மையாக்கியவர்களில் ஃபுல்பிரைட்டும் ஒருவர். அதைத் தனக்குச் சாதகமான வாதமாகவும் அவர் வைத்தார். கையெழுத்திடாமல் போனால் மற்ற தென்மாநிலத்தவரிடமிருந்து ஒதுக்கப்பட்டு, பதவியை இழந்து, எதற்கும் உதவாதவனாகியிருப்பேன் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த ஆண்டு அவருக்குத் தேர்தல் ஆண்டு.

இதைப் பற்றி ஒரு நண்பனோடு நீண்ட நேரம் வாதாடியிருக்கிறேன். "அவர் கையெழுத்துப் போடலைன்னா அந்த இடத்துக்கு ஜிம் ஜான்சன் மாதிரி ஒருத்தன் வந்திருப்பான். அப்புறம் வியட்நாம் விசாரணையை யாருடா நடத்தியிருப்பா? தோத்துப்போன நல்லவனால யாருக்கு என்ன பிரயோசனம்?" என்றான். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம். வியட்நாமில் செத்தவர்களின் எண்ணிக்கையை நினைத்தால், அந்தப் போரைக் கேள்வி கேட்ட ஒரு குரல் செனட்டில் இருந்தது சின்ன விஷயமில்லை. அரசியலில் இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் பதவியைப் பணயம் வைக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு வாக்கு, ஒரு கையெழுத்து என்று நின்றிருந்தால் நானும் நண்பன் பக்கம் சாய்ந்திருப்பேன்.

ஆனால் அங்கே நிற்கவில்லை. 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் எரிந்தபோது ஃபுல்பிரைட் வெளிநாட்டில் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தன் மாநிலத்துப் பதினைந்து வயதுப் பெண்ணைக் கும்பல் துரத்தும் படம் உலகப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. அயலுறவு விவகாரங்களில் அமெரிக்காவின் மனசாட்சி என்று பேரெடுத்தவர் அதைப் பற்றி மௌனமாக இருந்தார். 1958 ஆகஸ்டில் மௌனத்தையும் தாண்டினார். சென்ட்ரல் பள்ளியில் ஒருங்கிணைப்பை, அதாவது கறுப்பு வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்து படிப்பதை, இரண்டரை ஆண்டு ஒத்திவைக்க வேண்டும் என்று பள்ளி வாரியம் உச்ச நீதிமன்றம் போனபோது, அவகாசம் கொடுங்கள் என்று தானாக முன்வந்து மனுத் தாக்கல் செய்தார். மக்கள் மனம் மாறக் காலம் வேண்டும் என்பதே வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியே பெயர் போட்டுத் தீர்ப்பெழுதினார்கள். 1964 சிவில் உரிமைச் சட்டத்தையும், 1965 வாக்குரிமைச் சட்டத்தையும் ஃபுல்பிரைட் எதிர்த்தே வாக்களித்தார்.

மக்கள் மனம் மாறக் காலம் வேண்டுமாம். அந்த மாற்றத்துக்கு அவர் செய்தது என்ன? ஆர்கன்சாவில் அவரளவு மதிப்புள்ள மனிதர் வேறு யாருமில்லை. அவர் பேசாமல் இருந்ததால், பிரிவினையைச் சந்தேகித்த சாதாரண வெள்ளைக்காரர் ஒருவர் சுற்றிப் பார்த்தபோது, தன்னைப் போல நினைக்கும் பெரிய மனிதர் ஒருவர்கூட அவர் கண்ணில் படவில்லை. ஃபாபஸின் குரல் மட்டும் கேட்டது. ஒரே ஒரு குரல் கேட்கும் ஊரில், அதுவே எல்லோருடைய கருத்தாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. அப்படிப் பார்த்தால் ஃபுல்பிரைட் பயந்த அந்தப் பொதுக்கருத்தை உருவாக்கியதில் அவர் மௌனத்துக்கும் பங்கு இருக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான். தலைவர்கள் மனசாட்சி ஒரு பக்கம், மக்கள் கருத்து மறுபக்கம் என்று இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருப்பது போலவும், நடுவில் தாங்கள் சிக்கிக்கொண்டது போலவும் பேசுவார்கள். மக்கள் கருத்தில் பாதி, தலைவர்கள் என்ன பேசினார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள் என்பதிலிருந்தே பிறக்கிறது.

அந்தக் கையெழுத்து ஃபுல்பிரைட்டுக்கு நஷ்டத்தையும் கொண்டுவந்தது. 1960-இல் ஜான் கென்னடி வெளியுறவு அமைச்சர் பதவிக்கு அவரைத் தீவிரமாக யோசித்தார். கறுப்பினத் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவருடைய பிரிவினை ஆதரவு வாக்குகள் அந்த வாய்ப்பைத் தட்டிவிட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று.

கையெழுத்துப் போடாதவர்களும் இருந்தார்கள். பக்கத்து மாநிலமான டென்னஸியின் இரண்டு செனட்டர்களான ஆல்பர்ட் கோர், எஸ்டெஸ் கீஃபாவர் இருவருமே மறுத்துவிட்டார்கள். கோர் 1958-இலும் கீஃபாவர் 1960-இலும் மறுபடி ஜெயித்தார்கள். டென்னஸி ஆர்கன்சா இல்லை என்று சொல்லலாம், உண்மைதான். அந்தக் கோரும் 1964 சட்டத்தை எதிர்த்து வாக்களித்துவிட்டு, அது தவறு என்று பின்னாளில் வருந்தினார். யாரையும் கறை படியாதவராகக் காட்ட நான் முயலவில்லை. ஆனாலும் கையெழுத்து மறுத்தால் அத்தோடு அரசியல் வாழ்வு முடிந்தது என்ற பயம் எப்போதும் உண்மையாக இருக்கவில்லை என்பதை இவர்கள் இருவரும் காட்டுகிறார்கள்.

ப்ரூக்ஸ் ஹேஸ் கதை வேறு. அதில் அந்தப் பயம் உண்மையாகிவிட்டது. அதனாலேயே அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஹேஸ் 1943 முதல் லிட்டில் ராக் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர். மிகுந்த பக்திமான். 1957-இல் தென்மாநில பாப்டிஸ்ட் திருச்சபை அமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956 அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டிருந்தார், பிறகு அதற்காக வருந்தினார். ஃபாபஸ் படையை நிறுத்தியபோது ஒதுங்கிக்கொள்ளாமல் நடுவில் புகுந்தார். ஜனாதிபதி ஐசன்ஹோவர் விடுமுறையில் இருந்த ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில், செப்டம்பர் 14-ஆம் தேதி ஃபாபஸுக்கும் அவருக்கும் சந்திப்பை ஏற்பாடு செய்தவர் ஹேஸ்தான். படையைத் திரும்பப் பெற வேண்டாம், பிள்ளைகளைத் தடுப்பதற்குப் பதிலாகப் பாதுகாக்கச் சொல்லி உத்தரவை மாற்றினால் போதும் என்றார் ஐசன்ஹோவர். ஃபாபஸ் சம்மதித்துவிட்டார் என்று நம்பினார்கள். ஊருக்குத் திரும்பியதும் ஃபாபஸ் அதைச் செய்யவில்லை.

ஹேஸ் செய்தது இவ்வளவுதான். ஒருங்கிணைப்பை ஆதரித்து ஆவேசமாகப் பேசவில்லை, ஊர்வலம் போகவில்லை. சட்டத்தை மதிப்போம், உட்கார்ந்து பேசுவோம் என்றார். அதற்கே தண்டனை கிடைத்தது. 1958 உட்கட்சித் தேர்தலில் தீவிரப் பிரிவினைவாதி ஒருவரைத் தோற்கடித்தார். ஜனநாயகக் கட்சியே ஜெயித்துவந்த அந்நாளைய ஆர்கன்சாவில் அதோடு தேர்தல் முடிந்த மாதிரி. நவம்பர் தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, பள்ளி வாரிய உறுப்பினரான டேல் ஆல்ஃபர்ட் என்ற கண் மருத்துவர் திடீரென்று களத்தில் குதித்தார். வாக்குச் சீட்டில் அவர் பெயரே இல்லை. வாக்காளர்கள் தாங்களாகவே பெயரை எழுத வேண்டும். அந்தச் சிரமமும் வேண்டாம் என்று பெயர் அச்சிட்ட ஒட்டுவில்லைகள் வாக்குச்சாவடிகளில் கிடைத்தன. ஃபாபஸின் ஆட்கள் பின்னால் நின்றார்கள். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ஹேஸ் தோற்றார். காங்கிரஸுக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை.

என் நண்பன் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவான். பேசியவன் போனான், பேசாதவன் இருந்தான், கணக்கு முடிந்தது என்பான். நான் அதே தேர்தலை வேறு மாதிரி படிக்கிறேன். ஃபாபஸின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தபோது, கும்பல் ஆட்சி நடந்த அதே ஊரில், எட்டு நாள் வெறிப் பிரசாரத்துக்கு நடுவிலும் ஹேஸுக்கு ஏறத்தாழ பாதி வாக்கு விழுந்தது. அவர் தனியாக நின்றார். ஃபுல்பிரைட் ஒரு கூட்டத்தில் அவரோடு மேடையேறி, இவர் செய்தது சரி என்று ஊரறியச் சொல்லியிருந்தால் அந்த ஆயிரத்து இருநூறு வாக்கு எங்கே போயிருக்கும்? உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் இவ்வளவு நெருங்கிய தோல்வியில் கூட இருந்திருக்க வேண்டியவர்கள் கூட இல்லாமல் போனதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஐசன்ஹோவரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1954 தீர்ப்பு சரி என்று அவர் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் ஒருமுறையும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சட்டத்தால் மனித மனங்களை மாற்ற முடியாது என்பது அவர் நம்பிக்கை. 1957 ஜூலையில், மத்தியப் படையை அனுப்பும் சூழ்நிலை எதையும் தன்னால் கற்பனை செய்ய முடியவில்லை என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். தென்மாநில அரசியல்வாதிகள் அதை அனுமதியாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். செப்டம்பரில் கறுப்பின ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங், அரசாங்கத்துக்காகப் போகவிருந்த சோவியத் இசைப் பயணத்தைக் கைவிட்டு, ஜனாதிபதிக்குத் துணிவில்லை என்று வெளிப்படையாகச் சாடினார். 24-ஆம் தேதி ஐசன்ஹோவர் ராணுவத்தின் 101-ஆவது வான்குடைப் படைப்பிரிவை அனுப்பினார். ஏறத்தாழ ஆயிரம் வீரர்கள். அன்றிரவு உரையிலும் தீர்ப்பு பற்றிய தனிப்பட்ட கருத்துக்கு இங்கே இடமில்லை, சட்டம் நிலைநாட்டப்பட வேண்டும் என்றுதான் பேசினார். செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சீரமைப்புக் காலத்துக்குப் பின் எந்த ஜனாதிபதியும் தெற்கில் கறுப்பின மக்களின் உரிமையைக் காக்கப் படையனுப்பியதில்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் தீர்ப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் படைக்கே தேவை வந்திருக்காதோ என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. போரில் வென்ற தளபதி என்று தெற்கிலும் அவருக்கு வாக்களித்தவர்கள் ஏராளம். அவர் சொன்னால் கேட்கக்கூடியவர்கள் இருந்தார்கள்.

அந்த ஆண்டு முழுக்கப் பிள்ளைகள் பட்டதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. படிக்கட்டில் தள்ளினார்கள், உதைத்தார்கள், கொதிக்கும் சூப்பை ஊற்றினார்கள். ஒன்பது பேரில் ஒருவரான மினிஜீன் பிரௌன் 1958 பிப்ரவரியில் பள்ளியை விட்டே நீக்கப்பட்டார். மே மாதம் அவர்களில் இன்னொருவரான எர்னஸ்ட் கிரீன் பட்டம் வாங்கினார், அந்தப் பள்ளியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர். அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது கைதட்டல் இல்லை. பார்வையாளர்களில் ஒருவராக மார்ட்டின் லூதர் கிங் உட்கார்ந்திருந்தார். அவர் 1963-இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், வெள்ளையர்களில் மிதவாதிகளே தனக்குப் பெரிய ஏமாற்றம் என்று எழுதினார். லிட்டில் ராக்கை மனதில் வைத்துப் படித்தால் அந்தப் பக்கங்கள் இன்னும் சுடுகின்றன.

இனி, மக்கள் கருத்தை மாற்றவே முடியாது என்று தலைவர்கள் நம்பிய அந்த ஊரில் அடுத்து நடந்தது. 1958 செப்டம்பரில் ஃபாபஸ் லிட்டில் ராக்கின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஒருங்கிணைப்புக்கு எதிராக 19,470, ஆதரவாக 7,561. பள்ளிகள் மூடியே கிடந்தன. மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு, கறுப்பு வெள்ளை இருவருக்கும், ஓர் ஆண்டு பள்ளி இல்லை. வாக்கெடுப்புக்குப் பத்து நாள் முன்பே அடால்ஃபீன் டெர்ரி என்ற எழுபத்தைந்து வயது மூதாட்டி, தன் வீட்டில் பெண்களைக் கூட்டி, பள்ளிகளைத் திறக்கக் கோரும் அவசரக் குழுவைத் தொடங்கியிருந்தார். வாக்கெடுப்பில் தோற்றார்கள். வீடு வீடாகப் போவதை நிறுத்தவில்லை. 1959 மே மாதம் பிரிவினைவாத வாரிய உறுப்பினர்கள் நாற்பத்து நான்கு ஆசிரியர்களையும் ஊழியர்களையும் வேலையை விட்டு நீக்கப் பார்த்தார்கள். ஊர் கொதித்தது. அந்த மாதமே நடந்த தேர்தலில் மூன்று பிரிவினைவாத உறுப்பினர்களும் பதவி இழந்தார்கள். ஆகஸ்டில் பள்ளிகள் திறந்தன.

எட்டே மாதம். அதே ஊர், அதே வாக்காளர்கள். இதைச் சொல்லும்போது ஒன்றையும் மறைக்கக் கூடாது: அந்தப் பெண்கள் குழுவில் வெள்ளையர்கள் மட்டுமே இருந்தார்கள், வேண்டுமென்றே. இன நீதி என்று பேசவில்லை, பள்ளி திறக்க வேண்டும் என்று மட்டும் பேசினார்கள். அவர்களும் மக்கள் கருத்துக்குப் பயந்தே நடந்தார்கள். ஆனால் எவ்வளவு தூரம் பேச முடியுமோ அவ்வளவு தூரம் பேசினார்கள், அடுத்த நாள் இன்னும் ஓரடி முன்னே போனார்கள். அதைச் செய்தவர்களுக்குப் பதவியில்லை, கட்சியில்லை. அதிகாரம் இருந்தவர்கள் அதைச் செய்யவில்லை.

ஆர்கன்சா கெஸட்டின் ஆசிரியர் ஹாரி ஆஷ்மோர் ஃபாபஸைக் கண்டித்துத் தலையங்கம் எழுதி 1958-இல் புலிட்சர் பரிசு வாங்கினார். பத்திரிகை விற்பனை சரிந்தது, விளம்பரம் போனது. டெய்சி பேட்ஸ் நிலைமை இன்னும் மோசம். மாநிலத்தில் கறுப்பின உரிமை இயக்கத்தின் தலைவர் அவர். ஒன்பது பிள்ளைகளும் தினமும் கூடியது அவர் வீட்டில்தான். கணவரோடு சேர்ந்து நடத்திய வாரப் பத்திரிகை, விளம்பரங்கள் நிறுத்தப்பட்டதால் 1959-இல் மூடப்பட்டது. அவர்களுக்கு அவகாசம் கேட்கும் வசதி இருக்கவில்லை.

இன்னொன்று. ஃபுல்பிரைட்டும் மற்றவர்களும் ஆர்கன்சா மக்கள் என்று சொன்னபோது யாரை எண்ணினார்கள்? மாநில மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர். வாக்கு வரி கட்டினால்தான் வாக்குப் போடலாம். கிழக்கு ஆர்கன்சாவின் பருத்திக் காடுகளில் குத்தகைக்கு உழைத்த ஏழைகள் அதை எங்கே கட்டுவார்கள்? கட்டினாலும் மிரட்டல் இருந்தது. மக்கள் கருத்து இன்னும் கனியவில்லை என்று சொன்னபோதெல்லாம், பாதிக்கப்பட்ட அந்த மக்களின் கருத்தைக் கணக்கில் எடுக்காமலேயே சொன்னார்கள்.

வாக்கு வரி ஒழிந்து, வாக்காளர் பட்டியல் விரிந்த பிறகு கணக்கே மாறியது. 1966-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்ற ஜிம் ஜான்சனை, குடியரசுக் கட்சியின் வின்த்ராப் ராக்கஃபெல்லர் தோற்கடித்து ஆளுநரானார். கறுப்பின மக்கள் திரளாக அவருக்கு வாக்களித்தார்கள். பள்ளியைச் சுற்றிப் படை நிறுத்த வேண்டாம் என்று 1957-இல் ஃபாபஸிடம் தனிமையில் மன்றாடிய அதே ராக்கஃபெல்லர்தான். அப்போது அவரும் வெளியே வந்து பேசவில்லை. ஃபாபஸ் கொடுத்த தொழில் வளர்ச்சிக் குழுத் தலைவர் பதவியில் தொடர்ந்தார். ஆளுநரான பிறகு, 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது, தலைநகர் லிட்டில் ராக்கில் சட்டமன்றப் படிக்கட்டில் கறுப்பினத் தலைவர்களோடு கைகோத்து நின்று அஞ்சலி செலுத்தினார். தெற்கில் அப்படிச் செய்த ஆளுநர் வேறு யாருமில்லை. ஏழு மாதத்தில் அவருக்குத் தேர்தல் இருந்தது.

1968 நவம்பரில் ஆர்கன்சா மக்கள் ஒரே நாளில் மூன்று பேருக்கு வாக்களித்தார்கள். ஜனாதிபதிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஜார்ஜ் வாலஸை, பிரிவினைக்காக அலபாமா பல்கலைக்கழக வாசலில் குறுக்கே நின்றவரை. செனட்டுக்கு, போரை எதிர்த்த ஃபுல்பிரைட்டை. ஆளுநராக மறுபடியும் ராக்கஃபெல்லரை, கிங்குக்குப் பொதுவெளியில் அஞ்சலி செலுத்திய மனிதரை. அதே மாநிலம், அதே வாக்குச் சீட்டு. இந்த மக்கள் எதைப் பொறுத்துக்கொள்வார்கள், எதைப் பொறுக்க மாட்டார்கள் என்பது தங்களுக்குத் தெரியும் என்றுதான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தனை பேரும் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள்.